தலாக் சொன்னது யார்?

மாத்தளை திருகோணமலை வீதியில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்ற ஜவாஹிர் யாரையாவது ஏசியதைக் கேட்டவர் அந்த வீதியில் ஒருவரும் கிடையாது. ஏசத் தெரியாத வியாபாரி உப்புப் போடாத கருவாடு மாதிரி, மூன்று நாளில் கெட்டுப்போவான் என்று மற்ற முதலாளிமார் சிரிப்பார்கள். அவர் கெட்டுப்போகவில்லை. மூட்டையை அவிழ்த்து ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனாரென்றால், எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை நாள் வெயில் கண்டது, வழியில் மழை பட்டதா, எல்லாம் சொல்லிவிடுவார். பல்லேகமப் பக்கத்து விவசாயிகள் அவருக்கு 'மூக்கு முதலாளி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவர் ஒரு தரம் மோந்து பார்த்துச் சொன்னதை இன்னொருவர் தராசில் வைத்துப் பார்க்கவே தேவையில்லை என்பது அவர்கள் நம்பிக்கை.

வீட்டிலும் அதே சங்கதிதான். மனைவி மஸீனாவை அவர் 'நீங்க' என்றுதான் பேசுவார். அந்தக் காலத்தில் எந்தப் புருஷன் பெண்டாட்டியை 'நீங்க' என்றான்? மதினிமார் அதைச் சொல்லிச் சொல்லியே மஸீனாவைக் கேலி செய்வார்கள். முகத்தைச் சுளித்துக்கொள்வாளே தவிர, அவளுக்கு உள்ளுக்குள் தேன் வார்த்த மாதிரி இருக்கும்.

கல்யாண வீடுகளில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே சஹனில் சாப்பிடுவது முஸ்லிம்களின் வழக்கம். பெரிய தட்டில் சோறு, அதன் மேல் இறைச்சி. அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் சாப்பிட வேண்டும். ஜவாஹிரோடு சஹனில் உட்கார ஆட்கள் போட்டி போடுவார்கள். தன் பக்கம் விழுந்த நல்ல துண்டுகளைப் பக்கத்துக்காரன் பக்கம் நகர்த்திவிட்டு எலும்பை எடுத்துக்கொள்கிற மனிதரை யாருக்குத்தான் பிடிக்காது?

மஸீனா அலுவிகாரைக்காரி. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் கல்யாணம் நடந்தது. தாயும் தகப்பனும் மவுத்தாகி, பலசரக்குக் கடை வைத்திருந்த மூத்த சகோதரர் மீராசாஹிப்தான் அவளை வளர்த்துக் கட்டிக் கொடுத்தவர். கெட்டிக்காரி, சுறுசுறுப்பு, நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க மாட்டாள், ஆனால் எல்லாவற்றையும் கவனிப்பாள். எல்லாம் இருந்தும் பிள்ளை மட்டும் இல்லை. ஒரு வருஷம், ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று காலம் ஓடியது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கடைக்கும் வீட்டுக்கும் வருகிறவர்கள் கூட ஜவாஹிரிடம் இன்னொரு கல்யாணம் பற்றிப் பேசிப் பார்த்தார்கள். அவர் எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். அல்லாஹ் நாடவில்லை, அவங்க என்ன செய்வாங்க என்பார், பேச்சை மிளகு விலைக்குத் திருப்பிவிடுவார். திரைக்குப் பின்னால் நின்று அதைக் கேட்கும்போதெல்லாம் மஸீனாவின் கண் நிறைந்துவிடும். இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் அவள் தன் வாழ்க்கையையே கட்டி வைத்திருந்தாள்.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து குசினி வாசலில் உட்கார்ந்திருந்தார் ஜவாஹிர். அடுப்பில் கருவாடு வாட்டிக்கொண்டிருந்த மஸீனா அடுத்த வீட்டுக்காரி கூப்பிட்டாள் என்று பின்பக்கம் போனாள். போனவள் பேச்சில் நின்றுவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால் குசினி முழுக்கப் புகை, கருவாடு கரியாகக் கிடக்கிறது. தெருவில் போகிறவனுக்கே அந்த நாற்றம் போயிருக்கும். அவர் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். கருகியது தெரியவில்லையா என்று கேட்டாள். என்ன கருகியது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

ஒரு கராம்பை எடுத்து நகத்தால் கிள்ளி அவர் மூக்கில் பிடித்தாள். அவர் நெடுநேரம் இழுத்துப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். நாலைந்து மாதமாகவே ஒன்றும் மணப்பதில்லை, சளித் தடிமன் என்று நினைத்திருந்தேன், இப்போது சுத்தமாகப் போய்விட்டது என்றார்.

மூக்கு முதலாளிக்கு மூக்கு இல்லை. இது வெளியே தெரிந்தால் கடையை மூட வேண்டியதுதான். வைத்தியரிடம் போகலாம் என்று அவர் சொன்னார். போகக் கூடாது என்று தடுத்தவள் மஸீனா. வைத்தியருக்கு ஒரு கம்பவுண்டர் இருப்பான், கம்பவுண்டருக்கு ஒரு மச்சான் இருப்பான், அந்த மச்சான் வீதியில் கடை வைத்திருப்பான் என்பது அவள் கணக்கு. அதற்கு அவள் வேறு வழி கண்டுபிடித்தாள். கடைக்கு வந்த சரக்கில் ஒவ்வொரு பிடியாக லேஞ்சிக் கைக்குட்டையின் நாலு மூலையிலும் முடிந்துகொண்டு பகல் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்கு வருவார். அவள் ஒவ்வொன்றாக அவிழ்த்து, கசக்கி, மோந்து, இது நல்லது, இது மழை பட்டது, இதில் பூஞ்சணம் வரப்போகிறது என்று சொல்லுவாள். அவர் கடைக்குத் திரும்பிப் போய், சும்மா ஒரு பிடியை மூக்கருகே கொண்டுபோய்விட்டு, அவள் சொன்னதைச் சொல்லுவார். அவளுக்கு அவர் மூக்கைவிடக் கூர்மையான மூக்கு. இரண்டு வருஷம் மாத்தளை மிளகுக்கு விலை சொன்னது திரைக்குப் பின்னால் இருந்த ஒரு பெண்பிள்ளை என்பது யாருக்கும் தெரியாது. மஸீனாவுக்கு அதில் பெருமை. பெருமை மட்டுமில்லை, சந்தோஷம். பிள்ளை பெற்றுக் கொடுக்க முடியாதவள் என்று ஊர் பேசினாலும் புருஷனுக்கு ஒரு அங்கமாகவே ஆகிவிட்டோம் என்று நினைத்தாள். பாவி, அந்த நினைப்பே அவள் கண்ணை மறைத்துவிட்டது.

மாற்றம் மெள்ள வந்தது. முதலில் 'நீங்க' போயிற்று. 'நீ' என்றார், பிறகு 'அடியே' என்றார். ஆரம்பத்தில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது, வயது போகப் போக மனிதருக்குத் துணிவு வருகிறதாக்கும் என்று நினைத்தாள். அப்புறம் கடையில் பெண்களைப் பார்த்து ஆபாசமாகப் பகிடி விட ஆரம்பித்தார். ஒரு ஜனாஸா வீட்டில், மையத்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைக்கும் நேரத்தில், எல்லோரும் கலிமா சொல்ல இவர் சத்தமாகச் சிரித்தார். என்ன என்று கேட்டதற்கு கபன் துணிக்குள் புடைத்து நின்ற மவுத்தானவரின் கால் பெருவிரலைக் காட்டினார். அடுத்த மாதம் நடந்த ஒரு கல்யாணத்தில், தன் பக்கத்து இறைச்சியைத் தின்று முடித்துவிட்டு, சஹனின் மறுபக்கத்தில் ஒரு வயசாளி முன்னால் இருந்த துண்டைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டார். வயசாளி கையை எடுத்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு அவரோடு சஹனில் உட்கார ஆள் கிடைக்கவில்லை.

லேஞ்சியில் முடிந்து வருவதையும் நிறுத்திவிட்டார். பூஞ்சணம் பிடித்த சரக்கை நல்ல சரக்கென்று வாங்கினார், நல்லதைத் தெருவில் கொட்டினார். வீதியில் ஆளுக்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். காசு சேர்ந்த திமிர் என்றார்கள் சிலர், யாரோ சூனியம் செய்துவிட்டார்கள் என்றார்கள் சிலர். இத்தனை நாளும் நல்லவன் வேஷம் போட்டவன் இப்போது முகமூடியைக் கழற்றிவிட்டான் என்றவர்கள்தான் அதிகம். மீராசாஹிப் ஒரு லெப்பையைக் கூட்டி வந்து பீங்கானில் ஓதல் இஸ்மு எழுதிக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார். ஜவாஹிர் அதைக் குடித்துவிட்டுச் சீனி போதாது என்றார்.

மஸீனா ஒருத்திதான் வேறு மாதிரி யோசித்திருக்க வேண்டும். மூக்கு போனதும் குணம் போனதும் இரண்டும் சேர்ந்து அவளுக்கு மட்டும்தானே தெரியும்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்கும் தோன்றவில்லை. மூக்குக்கும் குணத்துக்கும் என்ன சம்பந்தம்?

அறுபத்திரண்டாம் ஆண்டு மாசி மாதம். பகல் நேரம். தங்கச்சி வீட்டு நிலவரம் பேசித் தீர்க்கலாம் என்று மீராசாஹிப் வந்திருந்தார். துணைக்குப் பக்கத்துக் கடை ஸக்கரியாவையும் கூட்டி வந்திருந்தார். ஸக்கரியா ஜவாஹிரின் பழைய கூட்டாளி, அமைதியான மனிதர். ஜவாஹிர் கதிரையில் சாய்ந்து ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே மச்சான் சொன்ன புத்திமதியை எல்லாம் கேட்டார். கோபப்படவில்லை. பழத்தில் பாதியைக் கடித்தார், மென்று முடித்தார், பிறகு விலை சொல்கிற குரலில் சொன்னார்.

"மலட்டு மரத்துக்கு எத்தன வருஷந்தான் மச்சான் தண்ணி ஊத்துறது? ஒங்கட தங்கச்சிய நான் தலாக் சொல்லிட்டேன். மஸீனாவத் தலாக் சொல்லிட்டேன். தலாக் சொல்லிட்டேன்."

மூன்று தரத்தையும் விரல் மடித்து எண்ணினார். மூன்றும் சரியாக வந்ததா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டார். மீதிப் பழத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தேத்தண்ணி இல்லையா என்று குசினிப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

திரைக்குப் பின்னால் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றிருந்தாள் மஸீனா. அவள் தட்டத்தைக் கீழே வைத்தாள், உடைக்கவில்லை. மூன்று தலாக்கும் ஒன்றாய் விழுந்த பிறகு அந்த வீட்டில் அவள் அந்நியப் பெண். இன்னொருவனைக் கட்டி அவனையும் விட்டு வந்தாலொழிய இந்த மனிதருக்கு அவள் இனி ஹலால் இல்லை. இத்தனையும் அவளுக்கு விளங்கியது. ஆனால் அவள் காதில் இரைந்துகொண்டிருந்தது தலாக் இல்லை, மலட்டு மரம் என்ற சொல்தான். பதினாலு வருஷம் ஒரு தரம்கூட அவர் வாயில் வராத சொல்.

அன்றைக்கே அலுவிகாரைக்குக் கூட்டிப்போனார் மீராசாஹிப். இத்தா தொடங்கியது. தலாக்கான பெண் மூன்று மாதமளவு வீட்டை விட்டு வெளியே இறங்கக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. மீராசாஹிப் நல்லவர்தான், ஆனால் அவசரக்காரர். இத்தா முடிகிற கையோடு அக்குறணையில் மனைவியை இழந்த ஒரு வியாபாரிக்குப் பேசி முடிக்க வேண்டும் என்று அப்போதே ஆள் அனுப்பிவிட்டார். அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்ததென்று மதினி சொன்னாள்.

இத்தா தொடங்கி இரண்டு மாதம் கழிந்து, ஒன்பதாவது கிழமை, ஸக்கரியா வந்து வாசலில் நின்று செய்தி சொன்னார். பல்லேகமப் பொலையில், சந்தை நடுவில், ஜவாஹிர் வலிப்பு வந்து விழுந்துவிட்டார். மாத்தளை ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறது. ஒரு கண்ணில் பார்வை இல்லை. டொக்டர் ஆறுமுகநாதன் என்கிற யாழ்ப்பாணத்து டொக்டர், கூட இருந்து பழகியவர்கள் யாராவது உடனே வர வேண்டும், கேட்க வேண்டியது இருக்கிறது என்கிறார். கூட இருந்து பழகியவர்கள் என்று ஜவாஹிருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இத்தாவில் இருக்கிற பெண்பிள்ளை படி இறங்கினால் ஊர் என்ன பேசும் என்று மீராசாஹிப் மறித்தார். அவள் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு அவரைத் தாண்டிக்கொண்டு போனாள். வேறு வழியில்லாமல் அவரும் பின்னால் போனார்.

டொக்டர் ஆறுமுகநாதன் ஒல்லியான, நரைத்த, சலிப்பான மனிதர். கட்டிலில் கிடந்தவரை மஸீனா பார்க்கக் கூடாது என்று மீராசாஹிப் சொன்னதால் பக்கத்து அறையில் உட்கார வைத்துப் பேசினார். எப்போது இருந்து கண் மங்கல், எப்போது இருந்து தலையிடி என்று கேட்டுக்கொண்டே வந்தவர், மேசை மேலிருந்த கோப்பிப் போத்தலைத் திறந்து காட்டி, இதை மோந்து பார்க்கச் சொன்னேன், அவருக்குத் தெரியவில்லை, மணம் தெரியாமல் போய் எவ்வளவு காலம் என்று கேட்டார்.

மஸீனா தன் நானா மீராசாஹிப்பைப் பார்த்தாள். மூன்று வருஷம் பொத்தி வைத்த ரகசியம். பிறகு, மூன்று வருஷம் என்றாள். மீராசாஹிப் வாயைப் பிளந்தார்.

"மூண்டு வருஷமா?" என்றார் டொக்டர். "ஏனம்மா ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை? நெத்திக்குப் பின்னால ஒரு கட்டி வளருது. மணக்கிற நரம்பு அதுக்குக் கீழாலதான் போகுது, முதல்ல அதைத்தான் அது தின்னும். அண்டைக்கே வந்திருந்தால் சின்னனா இருக்கேக்க எடுத்திருக்கலாம்."

இடி விழுந்தது மாதிரி இருந்தது அவளுக்கு. ஆக, அவளுடைய கெட்டிக்காரத்தனம்தான் அவரை இந்தக் கட்டிலில் போட்டது. நாலு மூலை முடிச்சை அவிழ்த்து அவள் மோந்து மோந்து மகிழ்ந்த அத்தனை நாளும் அது உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது. அவளுக்காக மீராசாஹிப்தான் பேசினார். அப்படியானால் அவர் சிரித்தது, பறித்துத் தின்றது, தலாக் சொன்னது எல்லாம்?

டொக்டர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். வாய்க்கு வருகிறதை எல்லாம் பேசாமல், கைக்கு எட்டுகிறதை எல்லாம் எடுக்காமல் மனிதனை நிறுத்திப் பிடிக்கிறது மூளையின் இந்த முன்பகுதிதான், அதைத்தான் கட்டி நசித்துவிட்டது, பிரேக் போன லொறி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்லவன் கெட்டவன் என்று நாம் சொல்வதில் எவ்வளவு இந்த நாலு விரல் அகலத்துக்குள் இருக்கிறது என்று நினைத்தால் தனக்கே சில நேரம் பயமாக இருக்கும் என்றும் சொன்னார்.

மீராசாஹிப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மஸீனா டொக்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"பிரேக் போனாலும் லொறிய ஓட்டுறது எஞ்சின்தானே டொக்டர்? அந்தச் சொல்லு கட்டியிலேருந்து வந்ததா, அவருக்குள்ள முன்னமே இருந்ததா?"

டொக்டர் கோப்பிப் போத்தலை மூடினார். "அது எனக்குத் தெரியாதம்மா," என்றார். "அதைப் படம் பிடிக்கிற மெசின் இன்னும் வரேல்லை."

கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். சாறு பிழிகிற தேசிக்காய் அளவு என்று சொன்னார்கள். கூடப் போய்க் கிடந்தவர் ஸக்கரியா. பதினைந்து நாள் கழித்து வந்து, நடந்ததை மஸீனாவுக்குக் கேட்கும்படி வாசலில் நின்று சொன்னார். ஐந்தாம் நாள் ஜவாஹிர் கண் விழித்து, தண்ணீர் கொடுத்த பணிப்பெண்ணிடம் உங்களுக்குச் சிரமம் என்றாராம். ஸக்கரியாவுக்கு அப்போதே அழுகை வந்துவிட்டதாம். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மஸீனா வரவில்லையா, அவங்க சாப்பிட்டாங்களா என்று கேட்டாராம். ஸக்கரியா எழுந்து வெளியே போய்விட்டாராம்.

முஸ்லிம்களின் விவாக வழக்குகளைத் தீர்க்கும் காதியார் இத்ரூஸ், பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தலாக் செல்லுமா செல்லாதா என்று அவரிடம்தான் முறைப்பாடு போனது. புத்தி பேதலித்தவன் சொன்ன தலாக் செல்லாது, அது மார்க்கச் சட்டம். ஆனால் ஜவாஹிர் பைத்தியக்காரனாக இருந்தாரா? அன்று காலையில் கடை திறந்தவர், தராசு பிடித்தவர், மூன்று தரம் விரல் மடித்து எண்ணியவர். இங்கிலீசில் எழுதிய கடிதத்தில் டொக்டர் கட்டி என்கிறார், பைத்தியம் என்று சொல்லவில்லை. கட்டி உள்ளவன் எல்லாம் பைத்தியமா? காதியாருக்குத் தூக்கம் கெட்டுப் போயிற்று.

விசாரணை அவர் வீட்டு முன்னறையில், காலைப் பத்து மணிக்கு. நடுவில் திரை. ஒரு பக்கம் மஸீனாவும் மதினியும், மறுபக்கம் ஆண்கள். திரை மெல்லிசு. மூன்று மாதத்துக்குப் பிறகு அவரை அவள் அன்றுதான் பார்த்தாள். தலைமயிர் இப்போதுதான் முளைத்து வருகிறது, நெற்றிக்கு மேலே காதுக்குக் காது தழும்பு, ஒரு கண் வெறித்தபடி. ஆனால் உட்கார்ந்திருந்த விதம் பழைய விதம், கதிரையின் நுனியில், அடுத்தவருக்கு இடம் விட்டு.

மீராசாஹிப்பும் ஸக்கரியாவும் சாட்சி சொன்னார்கள். அவர் அவராக இல்லை என்றார்கள் இருவரும். அன்றைக்கு நடந்தது நினைவிருக்கிறதா என்று காதியார் ஜவாஹிரிடம் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார், ஒன்றும் நினைவில்லை என்று சொன்னால் எழுதி முடித்துவிடலாம் என்ற மாதிரி. அறையில் இருந்த எல்லோருமே அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள்.

"ஞாபகம் இருக்கு காதியார்," என்றார் ஜவாஹிர். "எல்லாம் இருக்கு. வாழப்பழம் கூட."

மீராசாஹிப் பல்லைக் கடித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதரைக் குணப்படுத்திக் கொண்டுவந்தால் இதுதான் கதி. காதியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்கக் கூடாததைக் கேட்டார். அந்த மலட்டு மரம் என்ற சொல், அது நோயில் வந்ததா, அதற்கு முன்னமே மனதில் இருந்ததா?

மஸீனா திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். டொக்டருக்குத் தெரியாத பதில். இல்லை என்று சொல்லிவிடுங்க, என்று அவள் உதடு அசைந்தது. ஒரு சொல், ஒரே சொல் போதும்.

ஜவாஹிர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இருந்திச்சி. நாலாம் வருஷத்திலேருந்து இருந்திச்சி. ஒவ்வொரு பெருநாளைக்கும் வாய் வரைக்கும் வரும். விழுங்கிருவேன். அவங்களப் பாத்தா விழுங்கிருவேன். அண்டைக்கு விழுங்க ஏலாமப் போச்சி. விழுங்கணும் எண்டே தோணல்ல."

மதினி மஸீனாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். விழுந்துவிடுவாளோ என்று பயந்துவிட்டாள். மஸீனா விழவில்லை. இன்னொரு கல்யாணம் இல்லை என்று அவர் சொன்ன அத்தனை முறையும், அல்லாஹ் நாடவில்லை என்று மிளகு விலைக்குப் பேச்சைத் திருப்பிய அத்தனை முறையும், இந்தச் சொல் அவர் தொண்டையில் இருந்தது. அவள் வாழ்க்கையைக் கட்டி வைத்திருந்த வாக்கியத்துக்கு அடியில் அது கிடந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள், அதை எடுக்க முடியுமா? பேசாமல் அந்த அக்குறணைக்காரனையே கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. பொய்யில்லை, தோன்றியது.

காதியார் இப்போது திரைப் பக்கம் திரும்பினார். பதினாலு வருஷம் கூட வாழ்ந்தவள் நீதான், அன்றைக்கு இந்த மனிதர் தன் சுயபுத்தியில் இருந்தாரா இல்லையா, அல்லாஹ்வை முன்வைத்துச் சொல் என்றார். சுயபுத்தியில் இருந்தார் என்று அவள் சொன்னால் எல்லாம் முடிந்தது. அவள் சொல்லுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அந்த நினைப்பு யாருக்கு வந்திச்சோ எனக்குத் தெரியாது," என்றாள். "அத யாரும் தடுக்க ஏலாது. பதினோரு வருஷம் அத விழுங்கினாரே, அவர்தான் என்ட மாப்பிள. அண்டைக்கு அந்தக் கதிரையில அவர் இருக்கல்ல. வேற யாரோதான் இருந்தாங்க. இது நான் அல்லாஹ்வுக்காகச் சொல்றது."

திரைக்கு அப்பால் ஜவாஹிர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மீராசாஹிப் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காதியாருக்கு இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பேனாவைத் திறந்து, சம்பவ தினத்தில் கணவர் சுயபுத்தியில் இருக்கவில்லை, ஆகவே தலாக் செல்லாது, நிக்காஹ் நிலைத்திருக்கிறது என்று எழுதி, அவளிடம் கையெழுத்துக்கு நீட்டினார். மஸீனா தன் பெயரை எழுதினாள்.

வெளியே வந்தபோது வெயில் சுள்ளென்று இருந்தது. மற்றவர்கள் முன்னால் போக விட்டு இருவரும் பின்னால் நடந்தார்கள். கண் தெரியாத பக்கமாக அவள் நடந்தாள், வண்டி வாகனம் வந்தால் சொல்லலாம் என்று. பள்ளிவாசல் சந்தியில் ஒரு வாகை மர நிழலில் ஜவாஹிர் நின்றார். திரும்பி, நல்ல கண் அவள் முகத்தைப் பார்க்கும்படி நின்றுகொண்டார்.

"மஸீனா, ஒங்களுக்கும் என்னப் பத்தி அப்பிடி ஏதும் மனசுல இருக்கா?" என்று கேட்டார். "இருந்தாச் சொல்லிருங்க. எனக்குக் கேக்க உரிமையில்ல. ஆனாலும் சொல்லிருங்க."

கல்யாணமான மூன்றாம் வருஷம் மதினியோடு கண்டிக்குப் போய் ஒரு பெண் டொக்டரிடம் தன்னைக் காட்டியிருந்தாள் மஸீனா. உன்னிடம் ஒரு குறையும் இல்லை, அடுத்த முறை புருஷனைக் கூட்டி வா என்றார் அந்த டொக்டர். அவள் கூட்டிப்போகவில்லை. அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. யார் என்ன கஷாயம் கொடுத்தாலும் தன் குறைக்கு மருந்து என்பது போலக் குடித்தாள். மலடு நானில்லை, நீங்கதான் என்ற வாக்கியம் அப்படியே முழுசாக, ஒரு எழுத்துக் குறையாமல், இப்போது அவள் நாக்கில் வந்து நின்றது. அது அங்கே இத்தனை வருஷமாக இருந்தது என்பதே அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. ஒரு தேசிக்காய் அளவு கட்டி தன் நெற்றிக்குள் வளர்ந்திருந்தால், அந்தக் கதிரையில் உட்கார்ந்து இதைத்தானே தானும் சொல்லியிருப்பாள்?

அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இல்ல," என்றாள் மஸீனா.